தூதர் சுமக்கும் சுருள்வாய்ப் பை

அமெரிக்க நாட்டுப் பெருநகரங்களில் மிதிவண்டித் தூதர் என்றொரு தொழிலாளர் வகுப்பு உண்டு. வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து நீதிமன்றத்துக்கும், வங்கியிலிருந்து வணிக நிலையத்துக்கும், கட்டட வரைவாளரின் மேசையிலிருந்து அச்சகத்துக்கும் தாள்களையும் சிறு பொதிகளையும் மிதிவண்டியில் கொண்டு சேர்ப்பது இவர்தம் தொழில். மோட்டார் வண்டிகள் வரிசையாக நின்று மூச்சுத் திணறும் தெருவில் மிதிவண்டி இடுக்கில் புகுந்து போய்விடும். ஓர் ஒப்படைப்புக்கு இவ்வளவு என்பதே பெரும்பாலும் இவர்களுக்குக் கிடைக்கும் கூலி. மாலையில் நீதிமன்ற அலுவலகம் மூடுவதற்குள் தாக்கல் செய்யவேண்டிய மனு, வழியில் மழையில் நனைந்து, கையொப்பத்தின் மை கரைந்துபோனால் என்னாகும்? அன்றைய கூலி போவதோடு, வேலை கொடுத்தவரின் நம்பிக்கையும் போகும். இவர்கள் முதுகில் ஏறிய பையின் வரலாறு இந்த அச்சத்திலே தொடங்குகிறது.

தமிழ்ப் புலவர் தூதுக்குரியனவாகப் பத்துப் பொருள்களை வகுத்துக் கூறினர். அன்னம், மயில், கிளி முதலியவற்றோடு முகிலும் அப்பட்டியலில் ஒன்று. இலக்கியத்தில் தூது போகும் முகில், நகரத் தெருவில் தூதரை விரட்டும் முகிலாக மாறிவிட்டது!

மிதிவண்டியைச் செய்தி சுமக்கப் பயன்படுத்துவது புதிய கருத்தன்று. 1894ஆம் ஆண்டு சூலைத் திங்களில், புல்மன் வேலைநிறுத்தத்தால் கலிபோர்னியாவில் இரயில் வண்டிகள் நின்றுபோயின. அஞ்சலும் நின்றது. அப்போது பிரெஸ்னோ நகரில் மிதிவண்டிக் கடையோடு தொடர்புடைய ஆர்தர் பான்டா என்பவர், அந்நகருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஏறத்தாழ 210 மைல் தொலைவுக்கு மிதிவண்டி அஞ்சல் ஒன்றை நடத்தினார். வழியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் பை மாறிச் செல்லும். விளையாட்டுத் திடலில் அஞ்சலோட்டம் என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோமே, அச்சொல்லின் நேர்ப்பொருளே அங்கு நடந்தது. ஒரு மடலுக்குக் கட்டணம் 25 காசு. அதற்கென்று தனி முத்திரைத்தலையும் அச்சிட்டனர். அதில் 'பிரான்சிஸ்கோ' என்னும் பெயரில் ஓர் எழுத்து மாறி விழுந்துவிட்டது. பின்னர் அச்சைத் திருத்தினர். எழுத்துப் பிழை திருத்தியே ஆயுளைக் கழிக்கும் ஆசிரியர்களுக்கு இச்செய்தி ஓர் ஆறுதல்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் இத்தொழில் பெருகியது. 1987ஆம் ஆண்டு நியூயார்க் மேயர் எட்வர்ட் காக், மன்ஹாட்டனின் மூன்று பெருஞ்சாலைகளில் வேலை நாள்களின் பகல் நேரத்தில் மிதிவண்டியைத் தடை செய்ய முயன்றார். தூதர்கள் தெருவில் திரண்டு எதிர்த்தனர். தடை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1993ஆம் ஆண்டு பெர்லினில் தூதர்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. தொலைநகலும் மின்னஞ்சலும் வந்தபின் தாள் சுமக்கும் வேலை சுருங்கிற்று. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் மின்கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு வந்ததும் மேலும் சுருங்கிற்று. தொழில் சுருங்கினாலும் அத்தொழில் செதுக்கிய பை உலகெங்கும் பரவிவிட்டது. மாணவரும் அலுவலரும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகின்றனர்.

முதலில் தூதர் சுமந்தது ஒற்றைப் பட்டைத் தோள்பை. மார்பின் குறுக்கே ஒரு பட்டை ஓடும். பை முதுகில் சாய்ந்து கிடக்கும். வண்டியைவிட்டு இறங்காமலே பையை முன்பக்கம் இழுத்து, பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டு, மீண்டும் பின்னே தள்ளிவிடலாம். நியூயார்க்கில் 1983இல் தொடங்கிய மன்ஹாட்டன் போர்ட்டேஜ், சான் பிரான்சிஸ்கோவில் தூதர் ஒருவரே 1989இல் தொடங்கிய டிம்பக்டூ, கொலராடோ மாநிலத்துப் போல்டரில் 1995இல் தொடங்கிய குரோம் ஆகிய நிறுவனங்கள் இவ்வகைப் பையால் பெயர் பெற்றவை. குரோம் பைக்கு மோட்டார் வண்டி இருக்கைப் பட்டையின் பூட்டை மார்புக்கு நேரே வைத்தனர். ஒரு விரலால் அழுத்தினால் பட்டை கழன்றுவிடும்.

ஒற்றைப் பட்டையின் குறை என்ன? பாரம் முழுவதும் ஒரு தோளில் இறங்குகிறது. நாள் முழுதும், ஆண்டுக்கணக்கில், ஒரே பக்கம் சுமந்தவருக்குத் தோளும் கழுத்தும் வலிப்பது இயல்பு. தாளோடு நின்ற சுமை, பெட்டியாகவும் உணவாகவும் பெருகியபோது இரு தோள்களுக்கும் பகிர்ந்து தரும் முதுகுப்பை தேவைப்பட்டது. முதுகுப்பையின் வாய் மேலே நோக்கியிருக்கும். மழை மேலிருந்துதான் வருகிறது. ஆகவே வாயை எப்படி மூடுவது என்பதே பெருஞ்சிக்கலாயிற்று.

இதற்கு விடை ஆற்றுப் படகோட்டிகளிடமும் நெடும்பயண மிதிவண்டியாளரிடமும் இருந்தது. பையின் மேல்விளிம்பில் விறைப்பான பட்டை ஒன்று தைத்திருப்பர். வாயின் இரு உதடுகளையும் ஒட்டவைத்து, உள்ளிருக்கும் வீண்காற்றை அழுத்தி வெளியேற்றி, அப்பட்டையை மூன்று நான்கு முறை சுருட்டி, இரு முனைகளையும் கொக்கியால் பூட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். இதனைச் சுருள்வாய்ப் பை என்னலாம்.

சுருக்குப்பையைத் தமிழர் நன்கு அறிவர். பாட்டிமார் இடுப்பில் வெற்றிலையோடும் சில்லறையோடும் செருகிவைத்த பை அது. சுருக்குவது வேறு, சுருட்டுவது வேறு. கயிற்றை இழுத்துச் சுருக்கும்போது துணி கொசுவங் கொசுவமாகக் கூடுகிறது. நடுவில் ஒரு துளை எஞ்சுகிறது. ஒவ்வொரு கொசுவத்தின் பள்ளமும் நீர் இறங்குவதற்கு வாய்க்கால். சுருட்டும்போதோ துணி தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. உள்ளே புகவேண்டிய நீர் ஒரு மடிப்பில் ஏறி, அடுத்ததில் இறங்கி, மீண்டும் ஏறவேண்டும். பொழியும் மழைக்கு அத்தகைய உந்துவிசை கிடையாது. இரு முனைகளையும் கீழ்நோக்கி இழுத்துப் பூட்டினால் பக்கவாட்டில் தங்கும் நீரும் வெளியே வடிந்துவிடும்.

பல்லிணைப் பூட்டாகிய சிப்பை ஏன் விலக்கினர் என்ற வினா எழலாம். சிப்பின் பற்களிடையே நீர் கசியும். தெருப்புழுதியும் மணலும் பற்களைத் தேய்க்கும். பை நிரம்பி வழியும்போது அத்தனை இழுப்பும் சிப்பின்மேல் விழும். ஒரு பல் பிறழ்ந்தால் பை முழுவதும் பயனற்றுப் போகும். சுருள்வாயில் முறியக்கூடிய பொருள் கொக்கி ஒன்றே. அதை நான்கைந்து வெள்ளியில் மாற்றிவிடலாம். கழற்றி மாற்றத்தக்க கொக்கியா, தைத்தே விட்ட கொக்கியா என்று பார்த்து வாங்குவது அறிவுடைமை.

பை சுருங்கி விரிவது இன்னொரு நலம். அகலம் 30 செ.மீ., கனம் 15 செ.மீ. உள்ள பையில் ஒரு சுருட்டு 5 செ.மீ. உயரத்தை எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், 30ஐ 15ஆலும் 5ஆலும் பெருக்க, 2,250 கன செ.மீ. வரும். அதாவது ஒவ்வொரு சுருட்டுக்கும் ஏறத்தாழ இரண்டேகால் லிட்டர் கொள்ளளவு குறைகிறது. காலையில் நான்கு சுருட்டோடு இருந்த பை, மாலையில் அரிசியும் காய்கறியும் வாங்கும்போது இரண்டு சுருட்டாக நீளும். ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. நிறைய அடைத்து ஒரே ஒரு சுருட்டோடு பூட்டினால் அது பூட்டன்று. மழை பெய்தால் தெரியும்.

'நீர் புகாதது' என்று கடைச்சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. இதனை அளக்க உலகப் பொது அளவை ஒன்று உண்டு. ஐ.பி. என்னும் எழுத்துகளின் பின் வரும் இரண்டாம் இலக்கம் நீரைக் குறிக்கும். அது 4 ஆனால் எப்பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 6 ஆனால் வலிய பீச்சைத் தாங்கும். 7 ஆனால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் அமிழ்ந்தாலும் தாங்கும். சுருள்வாய் கொண்ட மிதிவண்டிப் பைகள் பெரும்பாலும் 4 என்ற நிலையில் நிற்கின்றன. மழைக்கு அது போதும், ஆற்றில் விழுந்தால் போதாது.

வாயை அடைத்தபின் அடுத்த பகை தையல். ஊசி குத்திய இடமெல்லாம் துளை. இதற்கு மூன்று வகைத் தீர்வுகளைக் கண்டனர். முதலாவது, தையலின் உட்புறம் ஒட்டுநாடாவைச் சூட்டால் ஒட்டுவது. நாடா நாளடைவில் உரியும். இரண்டாவது, அமெரிக்கத் தூதர் பைகளில் கண்ட முறை. வெளிப்பைக்குள் தார்ப்பாய் போன்ற இன்னொரு பையைப் போட்டு, மேல்விளிம்பில் மட்டும் இணைத்து, மற்றப்படி மிதக்கவிட்டுவிடுவர். வெளிப்பையில் எத்தனை தையல் இருந்தாலும் உட்பையில் துளை இல்லை. எளிமையும் திறமும் சேர்ந்த முறை இதுவே. மூன்றாவது, தைப்பதையே விட்டு உருக்கி ஒட்டுவது.

மூன்றாவது முறையில் பெயர் பெற்றது செருமனி நாட்டு ஓர்ட்லீப் நிறுவனம். ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்னும் இளைஞர் 1981இல் இங்கிலாந்தில் மிதிவண்டிப் பயணம் போனார். ஓயாத மழை. பையிலிருந்த பொருளெல்லாம் நனைந்தன. சாலையில் கடந்துசென்ற லாரிகளின் சரக்கு மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் நனையாமல் போவதைக் கண்டார். ஊர் திரும்பி அத்தகைய பாயால் பை தைத்தார். 1982இல் நிறுவனம் பிறந்தது. தைத்துத் தொடங்கியவர்கள் பின்னர் உயர் அதிர்வெண் மின்னலையால் ஒட்டும் முறைக்கு மாறினர். பி.வி.சி. பூசிய பாயின் இரு விளிம்புகளை உலோக அச்சுகளுக்கிடையே அழுத்தி, நொடிக்கு 2 கோடியே 71 இலட்சத்து 20 ஆயிரம் முறை திசைமாறும் மின்புலத்தைச் செலுத்துவர். இத்தொழிலுக்கு வழக்கமான அதிர்வெண் அது. பி.வி.சி. மூலக்கூற்றின் ஒரு பக்கம் நேர்மின் சாயலும் மறுபக்கம் எதிர்மின் சாயலும் கொண்டது. மின்புலம் திசை மாறுந்தோறும் அதுவும் திரும்ப முயன்று, உராய்ந்து, சூடேறி, உருகி, இரண்டும் ஒன்றாகிவிடும். சாதாரண நெகிழிப்பையின் பாலித்தீனுக்கு அச்சாயல் இல்லாமையால் அது இம்முறைக்கு இணங்காது.

சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் மார்க்கஸ், டேனியல் பிரைடாக் என்னும் உடன்பிறந்தார் இருவரும் 1993இல் இதே லாரித் தார்ப்பாயைத்தான் கண்டனர். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது லாரிகள் கழித்துப்போட்ட பழம்பாய். விளிம்புக்கு மிதிவண்டியின் பழைய உட்குழாய், தோளுக்குப் பழைய இருக்கைப் பட்டை. அப்பைகளுள் ஒன்று நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் தொகுப்பில் இடம்பெற்றது. குப்பையாய்ப் போகவிருந்த பாய் கலைக்கூடம் ஏறிய கதை சுவையானதே. எனினும் அப்பைகளின் விலை ஏழைத் தூதருக்கு எட்டாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

துணிக்கு வருவோம். பைச்சீட்டில் '1000 டெனியர்' என்று போட்டிருப்பர். 9,000 மீட்டர் நீள நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். ஆயிரம் டெனியர் நூல் 9 கிலோமீட்டர் நீண்டால் ஒரு கிலோ எடை. எண் பெருகப் பெருக நூல் தடிக்கும், தேய்மானம் தாங்கும், பாரமும் ஏறும். நைலானை டூபாண்ட் நிறுவனத்தின் வாலஸ் கரோதர்ஸ் 1935இல் உருவாக்கினார். அந்நிறுவனம் முதலில் ரேயான் நூலுக்கு வைத்த 'கார்டூரா' என்னும் பெயர் பின்னர் முரட்டு நைலான் துணிக்கு ஆகிவந்தது. பை முதலில் கிழிவது நடுத்துணியில் அன்று. தோள்பட்டை உடலோடு சேரும் இடத்திலும் அடிமூலையிலுமே கிழியும். அவ்விடங்களில் பெட்டி போல் சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறியிட்டுத் தைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் பையின் தரம் பாதி விளங்கிவிடும்.

துணிக்கு நீர்த்தடை தருவது அதன்மேல் பூசும் பூச்சு. இப்பூச்சுக்கலையின் முதற்பொருள் பால்மரத்தின் பாலேயாகும். தென் அமெரிக்கப் பழங்குடியினர் மரப்பாலைத் துணிமேல் பூசி நீர் புகாமல் செய்துகொண்டனர். 1823இல் ஸ்காத்லாந்துக்காரர் சார்லஸ் மக்கின்டாஷ், நாப்தாவில் கரைத்த இரப்பரை இரு துணிகளுக்கிடையே பூசி ஒட்டும் முறைக்கு உரிமம் பெற்றார். அத்துணியில் தைத்த மேலங்கி வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, தையற்காரர் ஊசி குத்திய துளை வழியே ஒழுகிற்று. இருநூறு ஆண்டுக்குப் பின்னும் அதே ஊசித்துளையோடுதான் போராட்டம்! 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடேற்றி இரப்பரை நிலைப்படுத்தும் வழியைக் கண்டபின் பிசுபிசுப்புத் தீர்ந்தது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளிலிருந்து மலாயாவின் தோட்டங்கள் விரிந்ததும், விடியுமுன் எழுந்து பால்வெட்டச் சென்ற தமிழர் வாழ்வும் இவ்வேட்டின் வாசகர்க்குச் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. இன்றைய பைகளில் அந்த இடத்தைச் செயற்கைப் பொருள்களான பி.வி.சி.யும் பாலியூரத்தேனும் பிடித்துக்கொண்டன.

இங்கேதான் மலேசியா, சிங்கப்பூர் வாழ்வோர் பணத்தை இழக்கும் இடம் இருக்கிறது. அமெரிக்கக் கடையில் புகழ்பெற்ற பை இங்கு ஐந்தாறு ஆண்டில் உட்புறம் பிசின்போல் ஒட்டி, செதிள் செதிளாக உதிர்வதைப் பலர் கண்டிருப்பர். உழைப்பால் தேய்ந்ததன்று, அலமாரியில் சும்மா கிடந்த பைக்கும் இக்கதி நேர்கிறது. பாலியூரத்தேன் பூச்சில் பலவகை உண்டு. பாலியெஸ்டர் அடிப்படையில் அமைந்த மலிவான வகையைக் காற்றின் ஈரமே மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. நீர் மூலக்கூறு பூச்சின் பிணைப்பினுள் புகுந்து அதைத் துண்டாக்குகிறது. வெப்பம் இவ்வேலையை விரைவுபடுத்தும். சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரி 600 மி.மீ.க்கும் குறைவு. சிங்கப்பூரிலோ 2,100 மி.மீ.க்கும் மேல். அந்நகரத்துக் குளிர்காற்றில் நெடுநாள் நிற்கும் பூச்சு, இந்நாட்டுப் புழுக்கத்தில் நிற்கும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. பாலியீதர் அடிப்படையிலான பூச்சு ஈரத்தை இதைவிட நன்றாகத் தாங்கும். பி.வி.சி. பாய்க்கு இந்நோய் இல்லை. ஆனால் அது பாரமானது, நாளடைவில் விறைக்கும், எரித்தால் நச்சுப் புகை விடும். இந்த வானிலைக்கு வெளிப்புறம் முரட்டு நைலானும், உள்ளே தனியே மிதக்கும் தார்ப்பாயும் கொண்ட பையே ஏற்றது. மெல்லிய பூச்சை மட்டும் நம்பிய பை எத்தனை அழகானாலும் ஏற்றதன்று.

முதுகின் நிலையையும் எண்ணவேண்டும். மிதிவண்டியில் குனிந்திருப்பவர் வழியைப் பார்க்கத் தலையை நிமிர்த்துவார். பை உயர்ந்து நின்றால் தலைக்கவசம் அதில் இடிக்கும். பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்ப்பதும் தடைப்படும். ஆகையால் பூட்டிய பின் பையின் உச்சி கழுத்துக்குக் கீழே நிற்பது நலம். பாரமான பொருளை முதுகையொட்டி அடுக்கவேண்டும். மார்புப்பட்டையை மாட்டினால் பை பக்கவாட்டில் ஆடாது. வியர்வை மட்டும் தீர்வில்லாத் துன்பம். முதுகுப்புறம் மேடுபள்ளமாக மெத்தை வைத்தாலும் இந்த வெயிலில் சட்டை நனைந்தே தீரும். குறுந்தொலைவு போவோர் பொறுத்துக்கொள்ளலாம். நெடுந்தொலைவு போவோர் பையை வண்டியின் பின்தாங்கியில் கட்டிவிடுவதே மேல்.

பெற்றோர் சிலர், நெடுநாள் உழைக்கும் என்றெண்ணி இத்தகைய பையைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகின்றனர். ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்போரும் உண்டு. 2020ஆம் ஆண்டு இந்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவர் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பத்து முதல் இருபது விழுக்காடு வரையே ஏற்கிறது. இருபத்தைந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பத்து விழுக்காடு இரண்டரைக் கிலோ. முரட்டுத் தூதர் பை வெறுமையாகவே ஒரு கிலோவுக்குமேல் எடை காட்டும். பாடநூல் ஒன்றுகூட வைக்குமுன் அளவில் பாதியளவு போய்விட்டது. மேலும், அடியாழம் வரை ஒரே குகையாக உள்ள பையில் அழிப்பானைத் தேடும் பிள்ளை எல்லாவற்றையும் மேசையில் கொட்டத்தான் செய்யும். சிறுவர்க்கு மெல்லிய பையும், புத்தகங்களைப் போட்டுக் கட்டிவைக்க ஒரு தடித்த நெகிழிப்பையும் போதும். விடைத்தாள் கட்டும் மடிக்கணினியும் சுமந்து மோட்டார் சைக்கிளில் போகும் ஆசிரியருக்கும், மேல்நிலை மாணவருக்கும் சுருள்வாய்ப் பை தக்க துணை.

வாங்கியவுடன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பைக்குள் பழைய செய்தித்தாளைப் போட்டு, மூன்று சுருட்டுச் சுருட்டிப் பூட்டி, குளியலறைப் பூவாளிக் குழாயின் கீழ்ப் பத்து நிமிடம் வைத்தெடுத்தால், தாள் நனைந்த இடமே ஓட்டை உள்ள இடம். கடைக்காரர் மாற்றித் தரும் காலம் கடப்பதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். துணியைச் சலவைப் பொறியில் இட்டுத் துவைத்தால் பூச்சு உரியும். வெயிலில் நாள்முழுதும் காயவிட்டால் நைலான் நலியும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துவதே முறை. நீரை உள்ளே விடாத பை, உள்ளே சென்ற நீரை வெளியேயும் விடாது. நனைந்த குடையை உள்ளே போட்டுச் சுருட்டிப் பூட்டிவைத்தால் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடித்து நாறும். வீடு சேர்ந்ததும் கொக்கியைக் கழற்றி, சுருளை விரித்து, வாயை அகலத் திறந்து ஆணியில் மாட்டிவிட வேண்டும்.